கனப்போர்வையும் கீமோ ராத்திரிகளும்

காலையில் கீமோ ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பியவருக்கு உடம்பெல்லாம் அசதி. சாப்பிடப் பிடிக்கவில்லை, பேசப் பிடிக்கவில்லை, படுத்தால் போதும் என்றிருக்கிறது. படுக்கிறார். மணி பதினொன்று ஆகிறது, பன்னிரண்டு ஆகிறது, ஒன்றரை ஆகிறது. மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிறார். பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவருக்கு இது புரிவதில்லை. “இவ்வளவு அசதியில எப்படித் தூக்கம் வராமப் போகும்?” என்று கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அசதி வேறு, தூக்கம் வேறு. வயலில் வேலை செய்து வந்த அசதி தூக்கத்தைக் கூட்டிவரும். புற்றுநோயும் அதன் மருந்துகளும் கொடுக்கும் அசதிக்கு அந்தக் குணம் கிடையாது. உடம்பு ஓய்ந்து கிடக்கும், மூளை மட்டும் விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இந்த மாதிரி ராத்திரிகளில்தான் கைபேசியில் ‘வெயிட்டட் பிளாங்கெட்’ விளம்பரம் கண்ணில் படுகிறது. சாதாரணப் போர்வை மாதிரியே இருக்கும். உள்ளே சின்னச் சின்னக் கட்டங்களாகத் தைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணாடி மணிகளையோ பிளாஸ்டிக் குருணைகளையோ நிரப்பியிருப்பார்கள். எடை மூன்று கிலோவில் தொடங்கி பத்து கிலோவைத் தாண்டியும் போகும். ஸ்வீடன் பக்கம் உள்ளே உலோகச் சங்கிலி கோத்த போர்வைகளும் உண்டு. இதற்கு நிலைத்த தமிழ்ச் சொல் இன்னும் வரவில்லை. கனப்போர்வை என்று வைத்துக்கொள்வோம்.

சில ஆயிரம் ரூபாய் கொடுத்து இதை வாங்கினால் புற்றுநோயாளிக்குத் தூக்கம் வருமா? ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால்: எந்தக் காரணத்தால் தூக்கம் வரவில்லை என்பதைப் பொறுத்தது. நழுவுகிற பதில் போலத் தெரியலாம். அப்படியில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கட்டுரை.

முதலில் பிரச்சினை எவ்வளவு பெரிது என்று பார்த்துவிடலாம். கனடாவின் கியூபெக்கில் உள்ள லவால் பல்கலைக்கழகத்தில் ஜோசே சவார் என்ற உளவியல் ஆய்வாளரின் குழு, 962 புற்றுநோயாளிகளை 18 மாதம் தொடர்ந்து கவனித்தது. 2011-இல் வெளியான அந்த ஆய்வின்படி, தொடக்கத்தில் 59 சதவீதம் பேருக்குத் தூக்கமின்மையின் அறிகுறிகள் இருந்தன. ஒன்றரை வருடம் கழித்தும் 36 சதவீதம் பேருக்கு அது போகவில்லை. 2010-இல் அமெரிக்காவில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 823 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், நான்கில் மூன்று பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் தூக்கக் கோளாறு இருந்தது. இத்தனை பேருக்கு இருந்தும் வாரா வாரம் நடக்கும் மருத்துவர் சந்திப்பில் இது பேச்சுக்கே வருவதில்லை. கட்டி சுருங்கியதா, ரத்த அணு எண்ணிக்கை எவ்வளவு, வாந்தி நின்றதா என்பதோடு நேரம் முடிந்துவிடும். நோயாளியும் ‘உயிர் பிழைக்கிறதே பெரிசு, இதுல தூக்கத்தைப் போய்ச் சொல்வானேன்’ என்று விட்டுவிடுவார்.

பாரம் ஏன் இதமாக இருக்கிறது

கனப்போர்வையின் கதை மாட்டுக் கொட்டடியில் தொடங்குகிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். டெம்பிள் கிராண்டின் அமெரிக்காவில் கால்நடை அறிவியல் பேராசிரியர், ஆட்டிசம் உள்ளவர். பதின்ம வயதில் அரிசோனாவில் தன் அத்தையின் பண்ணையில் இருந்தபோது ஒன்றைக் கவனித்தார். தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இரண்டு பலகைகளுக்கு நடுவே நிறுத்தி, பக்கவாட்டில் மெல்ல அழுத்திப் பிடித்தார்கள். மிரண்டு திமிறிய சில மாடுகள் அந்த அழுத்தத்தில் அடங்கின. மனிதர்கள் தொட்டாலே கூசிப்போகும் அவருக்கு, தன்னையும் யாராவது இப்படி அழுத்திப் பிடித்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. 18 வயதில் தனக்கென்று ஓர் அழுத்தும் பெட்டியைச் செய்துகொண்டார். ஆழ்ந்த அழுத்தம் உடம்பையும் மனதையும் அமைதிப்படுத்துவது பற்றி 1992-இல் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்த தொழில்வழி சிகிச்சையாளர்கள் கனமான உடுப்புகளையும் போர்வைகளையும் பயன்படுத்தியதற்குப் பின்னால் இதே கருத்துதான் இருந்தது. அப்புறம் 2017-இல் ஒரு கம்பெனி, மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில், இந்தப் போர்வைக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. சிகிச்சை அறையில் இருந்த பொருள் அத்தோடு எல்லோர் வீட்டுக் கட்டிலுக்கும் வந்துவிட்டது.

கருத்து நமக்குப் புதிதல்ல. தூளியில் கிடக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஆட்டுவது பாதி என்றால், சேலைத் துணி நாலாபக்கமும் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்வது மீதி. காய்ச்சலில் கிடக்கும் பெரியவருக்குப் பேரன் கால் அமுக்கிவிட்டால் ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்கும். லேசாகத் தடவினால் கூச்சம்தான் வரும், அழுத்தமாகப் பிடித்தால் உடம்பு தளரும். கனப்போர்வை செய்ய முயல்வதும் இதையேதான், ஆளில்லாமல், விடிய விடிய. (தூளியைச் சொல்லிவிட்டதால் இதையும் சொல்லியாக வேண்டும்: கைக்குழந்தைக்குக் கனப்போர்வை கூடவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-இல் வெளியிட்ட பாதுகாப்பான தூக்க வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது.)

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? பரபரப்பைக் கூட்டும் நரம்பு மண்டலம் அடங்கி, ஓய்வைக் கொண்டுவரும் நரம்பு மண்டலம் மேலெழுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, சான்று அவ்வளவு திடமில்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 26 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். உடல் எடையில் 12 சதவீதம் கனமுள்ள போர்வை ஒரு ராத்திரி, வெறும் 2.4 சதவீதம் கனமுள்ளது இன்னொரு ராத்திரி. படுக்கப்போகும் முன் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சில் எடுத்துச் சோதித்தார்கள். கனமான போர்வைக்குள் இருந்தபோது, இருட்டியதும் மூளை சுரக்கும் மெலடோனின் சுமார் 32 சதவீதம் கூடுதலாக ஏறியது. விளம்பரங்கள் இந்த வரியோடு நின்றுவிடும். அடுத்த வரி என்னவென்றால், மன அழுத்தத்தில் கூடும் கார்ட்டிசால் மாறவில்லை, அன்பான தொடுகையோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆக்சிடோசினில் வித்தியாசமில்லை, தூங்கிய நேரமும் கூடவில்லை.

ஆய்வுகள் சொன்னதும் சொல்லாததும்

கனப்போர்வைக்கு ஆதரவாக இதுவரை வந்ததில் வலுவானது 2020-இல் ஸ்டாக்ஹோமில் இருந்து வந்த ஆய்வு. மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு, ஏ.டி.ஹெச்.டி (கவனக்குறைவு-மிகைச்செயல்பாடு), பதற்றக் கோளாறு ஆகியவற்றில் ஏதோ ஒன்றோடு தூக்கமின்மையும் இருந்த 120 பேர். பாதிப் பேருக்கு 8 கிலோ சங்கிலிப் போர்வை, தாங்க முடியாதவர்களுக்கு 6 கிலோ. மற்றவர்களுக்கு அதே போலத் தோன்றும் ஒன்றரைக் கிலோ பிளாஸ்டிக் சங்கிலிப் போர்வை. நான்கு வாரம் கழித்து, தூக்கமின்மை மதிப்பெண் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் கனப்போர்வைக் குழுவில் 59 சதவீதம், இலேசான போர்வைக் குழுவில் 5 சதவீதம். பகலில் சுறுசுறுப்பு கூடியது, பதற்றமும் குறைந்தது. தூக்க மாத்திரைகளிலேயே இப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்ப்பது அரிது.

இவ்வளவு நல்ல எண்ணைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். மாத்திரை ஆய்வில் உண்மை மாத்திரையையும் போலி மாத்திரையையும் ஒரே மாதிரி செய்துவிடலாம். எட்டுக் கிலோவையும் ஒன்றரைக் கிலோவையும் எப்படி ஒரே மாதிரி ஆக்குவது? போர்த்திய மறுநிமிடமே தனக்கு எது கிடைத்தது என்று ஊகித்துவிடலாம். ‘நமக்கு நல்ல போர்வை வரவில்லை’ என்று ஒருவர் மனதளவில் சோர்ந்துவிட்டால், தன் தூக்கத்துக்கு அவரே போடும் மதிப்பெண்ணில் அது தெரியத்தான் செய்யும்.

இந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுகிற ஆய்வு ஒன்று 2014-இல் இங்கிலாந்தில் இருந்து வந்தது. ஆட்டிசமும் தூக்கப் பிரச்சினையும் உள்ள 67 குழந்தைகள் கனப்போர்வை இரண்டு வாரம், சாதாரணப் போர்வை இரண்டு வாரம் என மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். மணிக்கட்டில் கட்டிய கருவி தூங்கிய நேரத்தை அளந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் குழந்தைகளுக்குக் கனப்போர்வைதான் பிடித்திருந்தது, பெற்றோரும் அதுவே மேல் என்றார்கள். பிடித்திருக்கிறது என்பதும் தூக்கம் கூடியது என்பதும் வேறு வேறு. அதற்காகப் பிடித்திருப்பதைத் தூக்கி எறிந்துவிடவும் முடியாது. படுக்கையைப் பார்த்தாலே பயப்படும் ஒருவருக்கு, படுக்கையில் பிடித்தமான ஒரு பொருள் இருப்பது சின்ன விஷயமில்லை.

அதே 2020-இல், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த ஒரு மீளாய்வு, பதற்றம் குறைவதற்குக் கனப்போர்வை உதவலாம், தூக்கமின்மைக்கு உதவும் என்று சொல்லச் சான்று போதாது என்று முடித்தது.

சரி, புற்றுநோயாளிகளிடம்? இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 2020-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் செவிலியர் இதழ் ஒன்றில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. முதல் இரண்டு கீமோக்களுக்கு வந்தவர்களுக்கு ஒருமுறை கனப்போர்வையோடும் ஒருமுறை அது இல்லாமலும் மருந்து ஏற்றினார்கள். போர்வை இருந்தபோது பதற்றம் குறைவாக இருந்தது. அவர்கள் அளந்தது பதற்றத்தை, தூக்கத்தை அல்ல. நடந்தது பகலில், கீமோ நாற்காலியில், செவிலியர் பக்கத்தில் இருக்கும்போது. ஏ.சி. குளிரில், கையில் ஊசியோடு, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கனப்போர்வை நல்ல துணை என்று இதை எடுத்துக்கொள்ளலாம். அதே போர்வை வீட்டில் விடிய விடியத் தூங்க வைக்கும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. விற்பவர்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள்.

எந்தத் தூக்கமின்மை?

புற்றுநோயாளியின் தூக்கமின்மை என்று பொதுவாகச் சொல்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் அது ஐந்தாறு வேறு வேறு பிரச்சினைகளுக்கு வைத்த ஒரே பெயர். கனப்போர்வை அதில் ஒன்றிரண்டுக்குத்தான் பொருந்தும். சிலவற்றை மோசமாக்கும்.

அதிகம் கவனிக்கப்படாத காரணம் டெக்ஸாமெத்தசோன். வார்டில் ‘டெக்ஸா’ என்பார்கள். வாந்தியைத் தடுக்கவும் ஒவ்வாமை வராமல் இருக்கவும் கீமோவோடு தரும் ஸ்டீராய்டு இது. உடம்பில் இதன் வேலை ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை நீளும். பக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து எடுப்பவர்களுக்குச் சில முறைகளில், மருந்து ஏற்றுவதற்கு 12 மணி நேரம் முன்பும் 6 மணி நேரம் முன்பும் டெக்ஸா மாத்திரை கொடுப்பார்கள். காலை பத்து மணிக்குக் கீமோ என்றால் முந்தின ராத்திரி பத்து மணிக்கு ஒரு மாத்திரை, விடிகாலை நான்கு மணிக்கு ஒன்று. அந்த ராத்திரியில் தூக்கம் எங்கிருந்து வரும்? வீட்டில் இருப்பவர்கள் ‘நாளைக்குக் கீமோன்னு பயம்’ என்று நினைத்துக்கொள்வார்கள். பயமும் இருக்கலாம், ஆனால் விழிக்க வைத்தது மாத்திரை. எட்டுக் கிலோ என்ன, எண்பது கிலோ போர்த்தினாலும் டெக்ஸா அசையாது. மருத்துவரிடம் கேட்க வேண்டியது: கீமோவுக்குப் பின் வரும் நாட்களின் டெக்ஸாவைக் காலையிலேயே முடித்துவிடலாமா? சாயங்கால டோஸைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியுமா? பல நேரங்களில் முடியும். கேட்டால்தான் தெரியும். நாமாக நிறுத்தக் கூடாது.

இன்னொன்று, படுத்தால் கால் ஒரு நிலையில் நிற்காது. நீட்டுவார், மடக்குவார், எழுந்து நடப்பார், உட்காருவார், மறுபடி நடப்பார். ‘உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது’ என்பார். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு மாதிரியான மருந்துகள் சிலருக்கு இந்த இருப்புக்கொள்ளாத நிலையைக் கொண்டுவரும். இரும்புச்சத்துக் குறைவாலும் கால் ஓயாமல் துடிக்கலாம். முதலாவதற்கு மருந்தை மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். இப்படிப்பட்டவரைக் கனமான போர்வைக்குள் படுக்க வைத்தால், கட்டிப்போட்டது போல இருக்கிறது என்று இன்னும் தவிப்பார்.

மூன்றாவது சூடு. மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபென், லெட்ரோசோல் சாப்பிடுபவர்களுக்கும், பிராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும், நடுராத்திரியில் திடீரென்று உள்ளிருந்து அனல் கிளம்பி வேர்த்துக் கொட்டும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் அதே அனல், சில சமயம் அதைவிடக் கடுமையாக. மெல்லிய போர்வையையே உதைத்துத் தள்ளுகிறவருக்குக் கனப்போர்வை தண்டனைதான். இங்கே நம் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனப்போர்வையால் தூக்கம் கூடுமா என்று பார்த்த மேலே சொன்ன ஆய்வுகள் ஸ்வீடனிலும் இங்கிலாந்திலும் நடந்தவை. ராத்திரியில் எப்படியும் எதையாவது போர்த்தியாக வேண்டிய ஊர்கள். ஏப்ரல், மே மாதச் சென்னையில், மின்விசிறிக் காற்று மேலே பட்டால்தான் தூக்கம் என்றிருக்கும் வீட்டில், அதே போர்வை அதே பலனைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. குளிர்ச்சியான துணி என்று விற்பதிலும் உள்ளிருக்கும் மணிகளும் பஞ்சும் சூட்டைப் பிடித்து வைக்கத்தான் செய்யும். ஏ.சி. இல்லாத வீட்டுக்கு, கோடையில், இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான்காவது வலி. எந்த இடத்தில், எந்த மாதிரி வலி என்பது முக்கியம். பக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகள் நரம்பு நுனிகளைப் பாதிக்கும். விரல் நுனி மரத்துப்போகும், பாதம் எரியும். சிலருக்கு மெல்லிய வேட்டி காலில் உரசினாலே ஊசி குத்துவது போல இருக்கும். அந்தப் பாதத்தின் மேல் நான்கு கிலோவை எப்படி வைப்பது? எலும்புக்குப் பரவிய புற்றுநோய் விலாவிலோ முதுகெலும்பிலோ இருந்தால், மருத்துவர் சரி என்று சொல்லாமல் எந்தப் பாரமும் கூடாது. அதே நேரம், குறிப்பிட்ட இடம் என்றில்லாமல் உடம்பு முழுக்க ஒரு குடைச்சல், அதோடு மனப் பதற்றமும் இருப்பவர்களுக்கு அழுத்தம் இதமாக இருக்க வாய்ப்பு உண்டு. நாள்பட்ட வலியோடு வாழும் 94 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு வார ஆய்வில், சுமார் ஏழு கிலோப் போர்வை இரண்டேகால் கிலோப் போர்வையைவிட வலியின் தொந்தரவைக் குறைத்தது. பதற்றச் சுபாவம் உள்ளவர்களுக்குப் பலன் கூடுதல். ஆனால் அவர்கள் புற்றுநோயாளிகள் அல்லர்.

கடைசியாக வருவது பயம். பகலில் வீட்டில் ஆள் வரும், போகும், தொலைக்காட்சி ஓடும். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அந்த ஒருவர் மட்டும் தன் உடம்போடு தனியாக இருக்கிறார். முதுகில் ஒரு சின்ன வலி வந்தாலும் ‘பரவிவிட்டதோ’ என்று மனம் ஓடும். ஸ்கேன் எடுக்கப் போகும் வாரத்தில் இது இரண்டு மடங்கு. மூச்சு மேலேயே நிற்கும், தோள் இறுகும், தாடை கடித்திருக்கும். கனப்போர்வைக்கு ஏதாவது ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான். யாரோ தோளில் கை வைத்து ‘சரி, படு’ என்று சொல்வது போன்ற ஒரு பாரம். பதற்றம் குறைகிறது என்று ஆய்வுகள் ஓரளவு ஒத்துச் சொல்வதும் இந்த இடத்தில்தான்.

யாருக்குக் கூடாது

2008-இல் கியூபெக்கில் ஒரு பள்ளியில், ஆட்டிசம் உள்ள 9 வயதுச் சிறுவன் ஒருவன் கனப்போர்வைக்குள் சுருட்டப்பட்டு மூச்சுத் திணறி இறந்துபோனான். போர்வையைத் தானாக விலக்க அவனால் முடியவில்லை. கனப்போர்வையைப் பற்றிய எல்லாப் பாதுகாப்பு விதிகளும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்: போர்த்தியிருப்பவர் யார் உதவியும் இல்லாமல், தூக்கக் கலக்கத்தில், ஒரு கையால் அதைத் தள்ளிவிட முடியுமா?

புற்றுநோயாளியிடம் இந்தக் கேள்வி லேசானதல்ல. பத்து, பதினைந்து கிலோ இளைத்துப்போனவர்கள் உண்டு. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் ஒரு கையைத் தூக்க முடியாமல், வீங்கி இருப்பவர்கள் உண்டு. மார்ஃபின் எடுத்து மயக்கத்தில் இருப்பவர்கள் உண்டு. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பவர், இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் மூச்சு விட முடிகிறவர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு உள்ளவர், கழுத்தில் மூச்சுக்குழாய் வைத்திருப்பவர் ஆகியோருக்கு இது வேண்டவே வேண்டாம். ரேடியேஷன் முடிந்து (பேச்சில் ‘கரண்ட் வைக்கிறது’ என்போமே அது) தோல் கறுத்து உரிந்துகொண்டிருக்கும் இடத்தில் கனமான துணி உரசினால் புண்ணாகிவிடும். மருந்து ஏற்றுவதற்காக மார்பில் பதித்த போர்ட், கையில் செருகிய பிக் லைன், வயிற்றில் மலப்பை இருந்தால் பாரம் அதன் மேல் விழக் கூடாது.

எல்லோரும் மறந்துவிடும் ஒரு விஷயம் கழிப்பறை. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளுக்கு லிட்டர் கணக்கில் டிரிப்ஸ் ஏற்றுவார்கள். ராத்திரி மூன்று நான்கு முறை எழுந்தாக வேண்டும். இருட்டில், தலைசுற்றலோடு, காலில் சிக்கிய ஏழு கிலோப் போர்வையை உதறிவிட்டு எழுவது விழுவதற்கு நல்ல ஏற்பாடு. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

துவைப்பதும் அப்படித்தான். கீமோ முடிந்து ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கும் காலம். வேர்வையும் வாந்தியும் பட்ட, மாதக் கணக்கில் துவைக்காத ஒன்றைப் போர்த்திக்கொண்டு தூங்கும் நேரமல்ல அது. நனைந்த கனப்போர்வையை நம் வீட்டுச் சலவை இயந்திரம் சுற்றாது, கொடி தாங்காது. கழற்றித் துவைக்கிற மேலுறை இல்லாத போர்வையை வாங்கவே வேண்டாம்.

போர்வைக்கு முன்னால் வரிசையில் நிற்பவை

நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் செய்ய வேண்டியது என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் சொன்னது மாத்திரையை அல்ல, அறிவாற்றல்-நடத்தை சிகிச்சை முறையை. புற்றுநோயாளிகளுக்கென்று ஐரோப்பிய மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையேதான் முதலில் வைக்கிறது. பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர உள்ளே இருப்பது எளிய விஷயங்கள். எப்போது படுத்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுவது, படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது, படுத்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருவது, தூங்கும் நேரத்துக்கு ஏற்றபடி படுக்கை நேரத்தைச் சுருக்குவது, ‘தூங்காவிட்டால் நோய் திரும்பிவிடும்’ என்பது போன்ற நினைப்புகளைப் பேசித் தளர்த்துவது. அமெரிக்காவில் சிகிச்சை முடித்த 160 பேரிடம் இதையும் அக்குபங்சரையும் ஒப்பிட்டு 2019-இல் வந்த ஆய்வில், 28-க்கு மதிப்பெண் போடும் தூக்கமின்மை அளவுகோலில் இந்த முறை கிட்டத்தட்ட 11 புள்ளிகளைக் குறைத்தது. அக்குபங்சர் 8 புள்ளிகளைக் குறைத்தது. அதுவும் மோசமில்லை. யோகாவும் இந்த வரிசையில் உண்டு. சிகிச்சை முடித்த 410 பேரில் சுமார் பாதிப் பேர் வாரம் இரண்டு முறை, 75 நிமிடம், நான்கு வாரம் மூச்சுப் பயிற்சியும் எளிய ஆசனங்களும் தியானமும் செய்ததில் தூக்கம் மேம்பட்டது என்று 2013-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

எனக்குக் கனப்போர்வை மேல் இருக்கும் ஒரு தயக்கம் இங்கேதான் வருகிறது. தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடு என்கிறது சிகிச்சை முறை. கனப்போர்வை, படுத்தே இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது. ஏற்கெனவே பகலெல்லாம் படுக்கையில் கிடந்து, படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளைக்குப் பழகிப்போன ஒருவருக்கு இரண்டாவது யோசனை வசதியாக இருக்கும், நல்லதாக இருக்காது. போர்வையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் எழுந்து உட்காரும் நாற்காலிக்கு. மடியிலும் தொடையிலும் அதைப் போட்டுக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில் கண்ணயரும் வரை உட்கார்ந்துவிட்டு, தூக்கம் கண்ணைச் சொருகும்போது அதை அங்கேயே விட்டுவிட்டுப் படுக்கைக்குப் போவது. சூட்டுக்கும் விழுந்துவிடும் பயத்துக்கும் இதுவே பாதி விடை.

வாங்கித்தான் பார்ப்பது என்று முடிவு செய்தால், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று பெட்டியில் போட்டிருக்கும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அறுபது கிலோவாக இருந்து நாற்பத்தெட்டுக்கு இறங்கியவருக்கு எந்த எடையில் பத்தில் ஒரு பங்கு? மூன்று கிலோவில் தொடங்கலாம். அதற்கும் முன்னால், வீட்டில் இருக்கும் கனமான ஜமுக்காளத்தை நாலாக மடித்து, பகலில் உட்கார்ந்திருக்கும்போது தொடை மேல் அரை மணி நேரம் போட்டுப் பார்க்கலாம். இதமாக இருக்கிறது என்றால் போர்வையைப் பற்றி யோசிக்கலாம், அடைத்துக்கொண்டு வருகிறது என்றால் காசு மிச்சம். கழுத்துக்கு மேலே ஒருபோதும் வரக் கூடாது. முதல் சில ராத்திரிகள் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால், அது இந்தத் தூக்கமின்மைக்கான பொருளல்ல என்று மடித்து வைத்துவிடலாம்.

மடித்து வைப்பதற்கு முன் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரையும் ஒருமுறை பார்க்க வேண்டும். மனைவியோ மகனோ அக்காவோ, மாதக் கணக்கில் அரைத் தூக்கத்தில் இருப்பவர். ‘ம்’ என்று ஒரு முனகல் கேட்டாலும் எழுந்து உட்காருபவர். அவருக்கு டெக்ஸா இல்லை, நரம்பு எரிச்சல் இல்லை, போர்ட் இல்லை, போர்வையைத் தள்ளிவிடத் தெம்பு இருக்கிறது. இருப்பதெல்லாம் பதற்றம் மட்டும்தான். நோயாளிக்கென்று வாங்கிய கனப்போர்வை கடைசியில் சரியாகப் பொருந்துவது இவருக்காக இருக்கலாம். ராத்திரி முறை பார்க்க வேறொருவர் வந்திருக்கும் நாளில் அதை எடுத்து அவருக்குப் போர்த்திவிடுங்கள்.